தங்கச்சி வாங்கப்போன வீடு

தனலெட்சுமி ஹாலந்தில் வீடு வாங்கப்போகிறாள் என்ற செய்தியை அவளுடைய அக்கா நல்லம்மாள் கேட்டது வாவல் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது.

ஜெலுத்தோங் பிளாட்டின் ஒன்பதாவது மாடி. சமைக்கிற இடத்துக்குக் குசினி என்று பெயர்தான். உள்ளே ஒருத்தி குந்தினால் இன்னொருத்தி வாசலில்தான் நிற்க வேண்டும். அந்த வாசலில் சாய்ந்துகொண்டு தனம் சொன்னாள்.

"அக்கா, நாங்க ஒரு வூடு பாத்து வெச்சிருக்கோம். டவுன்ல இல்ல, வடக்க ஒரு கம்போங்ல. சத்தமே இல்லாத எடம். திரும்பிப் போனதும் கையெழுத்துப் போட்டுடலாம்னு விம் சொல்றாரு."

பசாரில் ஒரு கூடை வாங்கப்போவதைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நல்லம்மாள் தலை நிமிரவில்லை.

"நல்லதுதானே," என்றாள். பிறகு கழுவிய மீனையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

அது எண்பத்தேழு டிசம்பர். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நல்லம்மாளுக்குக் கேன்டீன் சமையல் வேலை இல்லை. தங்கை ஐந்து வருஷம் கழித்து வந்திருக்கிறாள், கூடவே வெள்ளைக்கார மாப்பிள்ளை. பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலைக்கிருந்த தனத்தைக் கம்பெனி பயிற்சிக்காக ஹாலந்துக்கு அனுப்பியது. அங்கே மிஷின் சொல்லிக்கொடுக்க வந்தவன்தான் விம். அவன் பெயரைக் கேட்டதும் நல்லம்மாளின் மூன்று பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாத்திரம் துலக்கும் தூளுக்கும் அதே பெயர்தானே! அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். நல்ல பையன்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுவே நல்லம்மாளுக்கு ஒரு குறையாக இருந்தது.

அக்காளுக்கும் தங்கைக்கும் ஏழு வயது வித்தியாசம். இருவரும் பிறந்தது தாசேக் கெலுகோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். தாய் முன்பே போய்விட்டாள். பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவும் நல்லம்மாளுக்குப் பதினெட்டு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். லயத்து வீடு வேலை செய்கிறவனுக்குத்தான் சொந்தம். அடுத்த ஆள் வரப்போகிறான், மாதக் கடைசிக்குள் காலி பண்ணிவிடுங்கள் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். சட்டிபானை, பாய், சாமி படம் எல்லாவற்றையும் ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த தனம் கேட்டாள், "அக்கா, இனிமே நம்ம வூடு எங்க?"

"நான் கட்டுறேன் பாரு உனக்கு," என்றாள் நல்லம்மாள்.

விளையாட்டாகச் சொன்ன சொல் அல்ல அது. ஜெலுத்தோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவி, தங்கையைப் படிக்கவைத்து, பிறகு பேக்டரி வாசலுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டதெல்லாம் அந்தச் சொல்லின் பின்னால் நடந்த நடைதான். மெக்கானிக் ராமதாஸைக் கட்டிக்கொண்டபோதுகூட அவள் கேட்ட முதல் கேள்வி, "வூடு வாங்குவோமா?" என்பதுதான். எண்பத்திரண்டில் கெப்பாலா பத்தாஸ் பக்கம் புதிதாக ஒரு தாமான், வரிசை வீடுகளாக ஒரு குடியிருப்பு, கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கடைசி வரிசையில், ஓரத்து வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். ஓரத்து வீடு என்றால் பக்கத்தில் கொஞ்சம் மண் கிடைக்கும். ஒரு முருங்கை, ஒரு வாழை வைக்கலாம். இரண்டு வருஷத்தில் நாட்டில் வியாபாரம் படுத்தது. கட்டிக்கொண்டிருந்த டெவலப்பர் ராத்திரியோடு ராத்திரியாக எங்கோ போய்விட்டான். சுவர் நெஞ்சுயரத்தில் நின்றது.

இதை நல்லம்மாள் தங்கையிடம் சொல்லவே இல்லை. தனம் டெலிபோனில் கேட்கும்போதெல்லாம், "முடியப்போவுது, இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி," என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருஷம் ஓட்டிவிட்டாள். வீடு கொடுக்க வேண்டியவள் அவள். வாங்கிக்கொள்ள வேண்டியவள் தங்கை. அந்த வரிசை மாறும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே தனம் அடுத்த இடியைப் போட்டாள். "நாளைக்கு உன் வூட்டப் பாக்கப் போவோம்க்கா. விம் கட்டட வேலையெல்லாம் நல்லாப் பாப்பாரு."

"அங்க என்னா இருக்கு பாக்க? தூசியும் மண்ணும்," என்றாள் நல்லம்மாள்.

"அட, போவோம்லா. ஹபீப் அண்ணன் வேன் இருக்கே," என்றார் ராமதாஸ். மனுஷனுக்கு எதையும் மூடி மறைக்கத் தெரியாது. மனைவி தங்கையிடம் பொய் சொல்லி வைத்திருப்பதும் அவருக்குத் தெரியாது.

மறுநாள் எதிர்வீட்டு ஹபீப் முகம்மதுவின் வேனில் எல்லாரும் கிளம்பினார்கள். கடலைத் தாண்டும் பெரிக் கப்பலில் விம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடல் காற்றில் நின்றான். பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்றார்கள். நல்லம்மாள் வேனை விட்டு இறங்கவில்லை. பட்டர்வொர்த் வந்ததும், வயிறு சரியில்லை, திரும்பிவிடலாமா என்று ஒருதரம் கேட்டுப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தாமானின் பெயர்ப்பலகை குப்புற விழுந்து கிடந்தது. இடுப்பளவு லாலாங் புல். கூரையில்லாத வரிசை வரிசையான சுவர்களுக்கு நடுவே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கடைசி வரிசையின் ஓரத்து வீட்டில், ஹால் வரவேண்டிய இடத்தில், யாரோ ஒரு மாட்டைக் கட்டியிருந்தார்கள். அது படுத்தபடி அசைபோட்டுக்கொண்டு, வந்தவர்களை விருந்தாளிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்தது. ராமதாஸ் முறைத்ததும் நிறுத்தினார்கள்.

தனம் அக்காளின் முகத்தைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தாள். விம் மட்டும் புல்லை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். சுவரைத் தட்டினான், அறையைக் காலால் அளந்தான், பக்கத்திலிருந்த வெற்று மண்ணைக் குனிந்து கையில் எடுத்துப் பார்த்தான். திரும்பி வந்து நல்லம்மாளிடம் மனமார, அவளுக்கும் புரியும்படியான இங்கிலீஷில், "வெரி குட் பிளேஸ், அக்கா. வெரி குவாயட்," என்றான். சொல்லிவிட்டுக் கேமராவை எடுத்து ஒரு படமும் பிடித்துக்கொண்டான்.

அவன் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால் அவளும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாள். தனம் பக்கத்தில் வந்து தோளில் கைவைத்தாள்.

"கெசியான் அக்கா நீ," என்றாள்.

பாவம் என்று தமிழில் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது என்று தோன்றியது நல்லம்மாளுக்கு. பஸ் ஸ்டாண்டில் பிச்சை எடுப்பவளைப் பார்த்துச் சொல்லும் சொல் அது. தான் கையைப் பிடித்து நடக்கவைத்தவள், தன் தோளில் கைவைத்து அந்தச் சொல்லைச் சொல்கிறாள். நல்லம்மாள் மெதுவாகத் தோளை விலக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் தனம் புகைப்படங்களைக் கொண்டுவந்து பாயில் பரப்பினாள். ராமதாஸ் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். விம் பிள்ளைகளோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தான்.

"நீ பாத்து சரின்னு சொல்லுக்கா. அப்பத்தான் வாங்குவேன். விம்மு கிட்டயும் அதத்தான் சொல்லிட்டு வந்தேன். எங்கக்கா சொல்லாம நான் ஒரு துணிகூட எடுத்ததில்ல, வூட்டையா எடுப்பேன்?"

நல்லம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சிவப்பு ஓடு போட்ட செங்கல் வீடு. முன்னால் சின்ன வாய்க்கால், அதைத் தாண்ட அந்த வீட்டுக்கென்றே ஒரு மரப்பாலம். ஆளுயர ஜன்னல்கள்.

"ஜன்னலுக்குக் கம்பியில்லயா?"

"அங்க யாருக்கா வரப்போறா?"

அடுத்த படம் குசினி. அவளுடைய ஹாலும் படுக்கையறையும் சேர்ந்தால்கூட அந்தக் குசினியை நிரப்பாது. நடுவில் ஒரு மேசையே போட்டிருந்தார்கள். அதற்கடுத்தது பின்பக்கம், பழம் தொங்கும் ஒரு மரம். அதற்கப்பால் வேலியும் பசுக்களும். அங்கேயும் மாடு. ஆனால் அந்த மாடு ஹாலில் படுக்கவில்லை, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அரிசியில் கல் தேடுவதுபோல அவள் படத்துக்குப் படம் ஒரு குறையைத் தேடினாள். ஒரு விரிசல், ஒரு கறை, கொஞ்சம் பாசி? எதுவும் அகப்படவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ நண்டுபோல ஊர்ந்தது.

கடைசிப் படம் மாடியறை ஜன்னலிலிருந்து எடுத்தது. கூர்க்கோபுரம் வைத்த ஒரு பழைய மாதா கோயில். அதைச் சுற்றிப் புல்வெளி. புல்வெளியில் சாம்பல் நிறத்தில் வரிசையாகக் கற்கள்.

"இது என்னா கல்லு?"

"கல்லறைக்கா. ரொம்பப் பழசு. பூவெல்லாம் வெச்சு அழகா..."

நல்லம்மாள் படத்தைக் கீழே வைத்தாள். கல் அகப்பட்டுவிட்டது. மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு தடவ கலைஞ்சு போச்சு உனக்கு. இன்னுமா புத்தி வரல? சமாதியப் பாத்த வூட்ல வயித்துப் புள்ள தங்குமாடி?"

அப்படி ஒரு சாஸ்திரம் உண்டா என்று அவளுக்கே தெரியாது. அந்த நிமிஷத்தில் பிறந்த சாஸ்திரம் அது. ஆனால் சொல்லி முடித்தபோது, வெகுகாலமாக ஊரில் வழங்கிவருவதுபோல அவள் காதுக்கே கேட்டது.

தனத்தின் முகம் வெளுத்துப்போயிற்று. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "சரிக்கா," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை வீட்டுக்கு வெளியே மாடி நடைபாதையில் கணவனும் மனைவியும் அவர்கள் பாஷையில் சண்டை பிடித்தார்கள். விம்மின் முகம் காதுவரை சிவந்திருந்தது. அவன் இரண்டு கைகளையும் விரித்து எதையோ திரும்பத் திரும்பக் கேட்டான். தனம் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு அவன் டெலிகோம் ஆபீசுக்குப் போய் ஹாலந்துக்கு டெலிபோன் பேசிவிட்டு வந்தான். வந்தவன் சாப்பிடாமல் நடைபாதைக் கட்டையில் கைவைத்துக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வூடு வேணாம்னு சொல்லிட்டாராம்," என்றார் ராமதாஸ்.

"அப்படியா?" என்றாள் நல்லம்மாள்.

பசாருக்குப் போய் நண்டு வாங்கினாள். மஞ்சள் அரைத்தாள், தேங்காய் துருவினாள். வாய் தானாக எதையோ முணுமுணுத்தது. மசாலா வாசம் நடைபாதை முழுக்க அடித்தது. தங்கைக்கும் வீடில்லை, அக்காவுக்கும் வீடில்லை. இப்போது இருவரும் மறுபடியும் அந்த லோரியின் பின்னால், ஒரே மூட்டைமேல் உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

"என்னா, இன்னைக்குத் தீபாவளியா?" என்று கேட்டுவிட்டு ராமதாஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நண்டில் தனம் கைவைக்கவில்லை. அடுத்த நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. லிப்ட் வாசலில் மூன்றாவது வீட்டுச் சபூரா நல்லம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஸ்வீட் எங்க? எனக்குச் சொல்லவே இல்லியே."

"என்னா ஸ்வீட்டு?"

"அலமாக், தெரியாத மாதிரி கேக்கறீங்க! உங்க தங்கச்சி வந்து ரெண்டு தடவ ஊறப்போட்ட மாங்கா ஜெருக் வாங்கித் தின்னுட்டுப் போச்சு, வந்த அன்னைக்கே. மூஞ்சியப் பாத்தா தெரியாதா எனக்கு? மூணு மாசம் இருக்கும்."

லிப்ட் வந்து கதவு திறந்து மூடிக்கொண்டது. நல்லம்மாள் ஏறவில்லை.

வந்த அன்றைக்கே. அப்படியென்றால் அந்தப் படங்களைப் பரப்பியபோது அவள் வயிற்றில் பிள்ளை இருந்திருக்கிறது. இரண்டு முறை சீக்கிரம் வாய்விட்டுச் சொல்லிப் பறிகொடுத்தவள், மூன்று மாதம் முடியட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டைப் பற்றிச் சரியென்ற வார்த்தை வந்ததும் இதையும் சேர்த்துச் சொல்லலாம் என்றுகூட நினைத்திருப்பாள். நல்லம்மாள் படிக்கட்டில் ஏறத் தொடங்கினாள். ஒன்பது மாடியும் ஏறித்தான் போனாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது தனம் பாத்ரூம் கதவைப் பிடித்தபடி நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, பட்டுடுச்சு."

நிறைய இல்லை. துணியில் காசளவு ரத்தம். ஆனால் அதைப் பார்த்த நல்லம்மாள் வாசலுக்கு வந்து சபூராவைக் கூப்பிட்டுக் கத்தினாள். சபூராதான் ஓடிப்போய் ஹபீப்பை எழுப்பி வேனை எடுக்க வைத்தாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் விம்மும் நல்லம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கண் கலங்கியிருந்தது. வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்து அவளிடம் கேட்டான். அந்த வீட்டைத் தனம்தான் முதலில் பார்த்தாள். அவள்தான் ஆசைப்பட்டாள். பிள்ளைக்கு எந்த அறை என்றுகூடச் சொல்லி வைத்திருந்தாள். ஏன் திடீரென்று வேண்டாம் என்கிறாள்? அக்காவுக்குத் தெரியுமா?

அக்காவுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல அவளிடம் இங்கிலீஷும் இல்லை, தைரியமும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள். சுவாமியே, அவளுக்கு வீடு கிடைக்கட்டும், பத்து வீடு கிடைக்கட்டும், அந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிடு என்று மனசுக்குள் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் வந்து, பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் படுக்கையிலேயே இருக்கட்டும் என்றார். விம் எழுந்து சுவரைப் பார்த்து நின்று அழுதான்.

நல்லம்மாள் உள்ளே போனாள். தனம் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஆரம்பித்துவிட்டாள்.

"தனம், நான் சொன்னது பொய்யி. அப்படி ஒரு சாஸ்திரமும் இல்ல. பொறாமையில சொன்னேன். உன் வூட்டப் பாத்து வயிறு எரிஞ்சுது. அதான்."

"தெரியும்க்கா," என்றாள் தனம். கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியுமா?"

"நீ போட்டோவ எடுத்து எடுத்துப் பாத்தியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சு என்னா செய்ய? வார்த்தை உள்ள போயி உக்காந்துகிச்சு. ஏந்திரின்னா ஏந்திரிக்க மாட்டேங்குது."

நல்லம்மாள் அவள் கையைப் பிடிக்கப் போனாள். தனம் கையை இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு மட்டுந்தான் வயிறு இருக்கா எரியறதுக்கு? உன் மூணு புள்ளைங்களும் உன்மேல உருண்டு பொரண்டு தூங்குதுங்க. அதப் பாத்துட்டு நான் பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதிருக்கேன். வந்த அன்னைக்கே அழுதேன். அதுக்காவ உன் புள்ளைங்கள நான் ஒரு வார்த்த சொன்னேனா?"

நல்லம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு தனம் பேசினாள். குரல் இப்போது தணிந்திருந்தது.

"நீ சொன்ன வார்த்தைய நீதான் வந்து எடுக்கணும்."

"எப்படி எடுக்க?"

"நீ வா. அந்த வூட்ல நீ வந்து பால் காய்ச்சு. அந்தச் சமாதியப் பாத்த ரூம்ல நீ படு. நான் பெத்து எடுக்கற வரைக்கும் என்கூட இரு. நீ இருந்தா எனக்குப் பயம் இருக்காது. நீ வரலன்னா அந்த வூடு எனக்கு வேணாம். எந்த வூடும் வேணாம்."

தன் வயிறு எரியக் காரணமான அந்த வீட்டுக்குள்ளேயே போய், அதன் அடுப்பை மூட்டி, அதன் குசினியில் நின்று பால் பொங்க வைத்து, நன்றாயிரு என்று வாயாரச் சொல்ல வேண்டும். இதைவிடப் பெரிய தண்டனை யாரும் அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது. தனம் தண்டனையாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே அக்கா வேண்டியிருந்தது.

"உன் மாமா விடுவாரா? புள்ளைங்கள யாரு பாக்கறது?" என்று இழுத்தாள் நல்லம்மாள்.

வீட்டுக்கு வந்து ராமதாஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கையிலிருந்த கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"போய்ட்டு வா. சோத்துக்கு நான் பாத்துக்கறேன், சபூராவும் இருக்கா. இத நீ செய்யலன்னா இந்த வூட்ல உன் மூஞ்சியப் பாத்துகிட்டு என்னால குந்தியிருக்க முடியாது."

அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

விம் மறுபடியும் டெலிகோம் ஆபீசுக்குப் போனான். நல்லம்மாள் மாடியிலிருந்து கீழே பார்த்தபடி காத்திருந்தாள். ஒர்க்ஷாப்புகளுக்கு நடுவில் அவனுடைய மஞ்சள் தலை திரும்பி வருவது தெரிந்தது. அவன் நடையிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த ஒரு கணத்தில், இவ்வளவுக்கும் பிறகு, ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்படி வேண்டிக்கொண்டதற்கும் பிறகு, வீடு வேறு யாருக்காவது போயிருக்கக்கூடாதா என்று அவள் மனசு நினைத்தது. நினைத்ததை அவளே பார்த்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீடு போகவில்லை. அதை விற்கவிருந்தவள் கணவனை இழந்த ஒரு கிழவி. பனி கொட்டுகிற மாதத்தில் வீடு பார்க்க யாரும் வரமாட்டார்கள், உங்களுக்காக வைத்திருக்கிறேன் என்றாளாம்.

ஏப்ரலில் நல்லம்மாள் வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறினாள். சாமான்களோடு ஒரு புதுப் பால் சட்டியையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் அவளுக்குக் கோபம் வந்துகொண்டே இருந்தது, யார்மேல் என்று தெரியாமல். அந்த வீட்டு வாசலில் நின்றபோது, படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. ஆனால் பால் பொங்கி வழிந்தபோது, ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் பக்கத்தில் நின்று கைதட்டிச் சிரித்தால், யார்தான் வாழ்த்தாமல் இருக்க முடியும்? வாழ்த்தினாள். முதலில் வாய் வாழ்த்தியது. மனசு கொஞ்சம் பின்தங்கி வந்து சேர்ந்தது.

மாடியறையில்தான் படுத்தாள். காலையில் ஜன்னலைத் திறந்தால் கல்லறைகள். சில கிழவிகள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கற்களைக் கழுவிப் பூ வைத்துவிட்டுப் போவார்கள். ஒருத்தி அண்ணாந்து பார்த்துக் கையசைத்தாள். நல்லம்மாளும் அசைத்தாள். அந்த ஊரின் அமைதிதான் அவளுக்குத் தாங்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தமும் பக்கத்து வீட்டு டிவியும் இல்லாமல் அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. பிள்ளை பிறந்த பிறகுதான், அதன் அழுகையில், நிம்மதியாகத் தூங்கினாள். ஜூன் கடைசியில் பெண் குழந்தை. கறுப்பு முடி, நீலக் கண். மூக்கு மட்டும் அசல் நல்லம்மாள்.

ஆகஸ்டில் அவள் திரும்பி வந்தபோது நடைபாதைப் பெண்கள் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வீடு எப்படி, வீடு எப்படி என்று ஒரே கேள்விதான். நல்லம்மாளும் ஆரம்பித்தாள். குசினி இவ்வளவு பெரிசு, திருப்பினால் சுடுதண்ணி, ஜன்னல் ஒவ்வொன்றும் கதவு சைஸு, வாசலில் வாத்து நீந்துகிறது. சொல்லச் சொல்லப் பேச்சு சூடு பிடித்தது. ஒரு பழமரம் மூன்றானது. "என் தங்கச்சி வூடு" என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போதுதான் சபூராவின் முகம் கண்ணில் பட்டது. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சிரிப்புக்குப் பின்னால் கண் மட்டும் தனியாக எதையோ தேடிக்கொண்டிருந்தது. நல்லம்மாளுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். சபூராவும் வாடகை பிளாட்டில்தான் இருக்கிறாள், அவளுக்கும் தங்கைகள் உண்டு.

பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். "அது கெடக்கு விடு. என் புள்ளைங்க இத்தன மாசமா உன் கையிலதான் சாப்ட்டுருக்குதுங்க. மூத்தவ வெயிட்டு போட்டுட்டா. என்னாதான் போட்ட அவளுக்கு?" என்று கேட்டாள். சபூரா சிரித்தாள். இந்த முறை கண்ணும் சேர்ந்து சிரித்தது.

பொறாமை முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தனம் டெலிபோன் பண்ணும்போது நல்லம்மாள் கொஞ்சம் தயங்கித்தான் எடுப்பாள். ஒருநாள் தனம் அலுத்துக்கொண்டாள்.

"அக்கா, மாடியில ஓடு ஒண்ணு ஒடைஞ்சு தண்ணி ஒழுவுதுக்கா. ஒரே மழை."

நல்லம்மாளுக்கு நெஞ்சுக்குள் கொஞ்சம் இனித்தது. மறைப்பானேன், இனிக்கத்தான் செய்தது. அந்த வீடும் ஒழுகும் வீடுதான். அடுத்த நிமிஷமே ரிசீவருக்குள் கத்தினாள்.

"எந்தப் பக்கம்? தொட்டில் பக்கமா? தொட்டிலக் கீழ எறக்குடி முதல்ல! விம்ம ஏணி போட்டு ஏறச் சொல்லு. நாளைக்கு நாளைக்குன்னு இருக்காத, புள்ள நனைஞ்சிடப் போவுது!"